ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், செவ்வாய்க்கிழமையே பதற்றம்

சென்னை மாரத்தான் நெருங்கும் ஜனவரி முதல் வாரத்தில் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். ஒருவருக்கு முழங்காலில் இடிக்கிறது, இன்னொருவருக்குத் தொண்டை கரகரக்கிறது. டிசம்பரில் 32 கிலோமீட்டர் லாங் ரன்னை முடித்துவிட்டுச் சாதாரணமாக அலுவலகம் போனவர், இப்போது 5 கிலோமீட்டர் ஈசி ரன்னுக்கே மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருப்பார்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. கடைசி இரண்டு வாரத்தில் ஓடும் தூரத்தை 40 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருப்பதுதான் டேப்பர். அதுவரை களைப்பில் மறைந்திருந்த சின்னச் சின்ன உறுத்தல்கள் ஓய்வு கிடைத்ததும் தலைகாட்டும். தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடிக் கரைத்த படபடப்புக்கும் போக்கிடம் இருக்காது. அதனால்தான் இந்த வாரத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சோம்பலால் வருவதில்லை, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற அரிப்பால் வருகின்றன. கூடுதலாக ஒரு லாங் ரன், புது ஷூ, ஓடும்போது சக்திக்காக விழுங்கும் புது ஜெல், மூன்று லிட்டர் கூடுதல் தண்ணீர், யாரோ சொன்ன மாத்திரை எல்லாமே அந்த அரிப்பின் வேலை. ஓடிய பயிற்சி உடலில் பலனாகச் சேரப் பத்து நாளாவது பிடிக்கும். ஆகவே இந்த வாரம் எவ்வளவு ஓடினாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு அதனால் ஆதாயம் இல்லை, நஷ்டம் மட்டும் உண்டு. பதற்றத்தை விரட்ட முடியாது. அதற்குக் கெடுதல் இல்லாத வேலையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நல்லவேளையாக அப்படிப்பட்ட வேலை நிறையவே இருக்கிறது.

முதலில் வலியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். நேற்று இடது முழங்கால், இன்று வலது கணுக்கால் என்று ஊர் சுற்றும் வலியையும், ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் காணாமல் போகும் வலியையும் பொருட்படுத்த வேண்டாம். ஒரே விரலால் தொட்டு "இதோ, இங்கே" என்று காட்ட முடிகிற வலி வேறு ரகம். அதிலும் எலும்பின் மேல் இருந்து, அந்தக் காலால் மட்டும் பத்து முறை நொண்டியடித்தால் சுள்ளென்று ஏறினால், எலும்பில் விரிசலாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்காமல் ஓடக்கூடாது. மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்போடு ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு முழுக்க வலி என்றால் ஓடவே கூடாது, எத்தனை மாதம் பயிற்சி எடுத்திருந்தாலும் சரி. வைரஸ் காய்ச்சலோடு நீண்ட தூரம் ஓடினால் இதயத் தசையில் வீக்கம் வரும் ஆபத்து இருக்கிறது. பதக்கம் அடுத்த ஜனவரியிலும் கிடைக்கும்.

அந்த வாரத்தின் ஓட்டம் இப்படி இருந்தால் போதும். செவ்வாய்க்கிழமை 8 கிலோமீட்டர், அதில் நடுவே 3 கிலோமீட்டர் போட்டி வேகத்தில். வியாழக்கிழமை 5 கிலோமீட்டர் ஈசி, கடைசியில் 100 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும் குட்டி ஓட்டம், நான்கு. வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை காலை 15 நிமிடம் மெல்லோட்டம், மனசு இல்லையென்றால் அதுவும் வேண்டாம். கால்களுக்கான ஜிம் பயிற்சியை முந்தைய வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். அழுத்திச் செய்யும் மசாஜ் புதன்கிழமைக்குப் பிறகு வேண்டாம், அது தசையில் விட்டுச்செல்லும் வலி அடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஓட்டமே குறைந்த வாரம்தானே என்று சனிக்கிழமை பொங்கல் துணிமணிக்காக ரங்கநாதன் தெருவில் மூன்று மணி நேரம் நிற்பவர்கள் உண்டு. அதைவிட 10 கிலோமீட்டர் ஓடியிருந்தால்கூடக் கால் தேவலாம்.

சாப்பாடு

இதில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து உடல் வைத்திருக்கும் கிளைகோஜன், அதாவது சேமித்த மாவுச்சத்து, சுமார் 400 முதல் 500 கிராம்தான். 42.195 கிலோமீட்டருக்கு அது போதாது. 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் கல்லாகிப் போவதற்கு அதுவே முக்கியக் காரணம். அதனால் கடைசி 36 முதல் 48 மணி நேரம், அதாவது வெள்ளி, சனி இரண்டு நாளும், உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். 65 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 520 கிராம்.

எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். காலையில் ஆறு இட்லி, சுமார் 60 கிராம். சர்க்கரை போட்ட காபி 10. பதினொரு மணிக்கு இரண்டு ஏலக்கி வாழைப்பழம், ஒரு பெரிய டம்ளர் ஜூஸ், 55. மதியம் 150 கிராம் அரிசி வடித்த சாதம், 115, கூடவே உருளைக்கிழங்கு 25. மாலையில் ஜாம் தடவிய நான்கு துண்டு பிரெட், 75. ராத்திரி 125 கிராம் அரிசியில் தயிர்சாதம், 100. எல்லாம் கூட்டினால் 440தான் வருகிறது, வயிறோ நிறைந்துவிட்டது. மிச்சம் 80 கிராமைக் குடித்துத்தான் ஏற்ற முடியும்: டம்ளருக்கு 20 கிராம் சர்க்கரை போட்ட எலுமிச்சை ஜூஸ் மூன்று, இடையிடையே நான்கு பேரீச்சம்பழம். வேளாவேளைக்கு வழக்கத்தைவிட இரண்டு கரண்டி சாதம் கூடுதலாகப் போட்டுக்கொண்டு "கார்ப் லோடிங் (மாவுச்சத்து ஏற்றுவது) முடிந்தது" என்று நினைப்பவர்கள் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டார்கள்.

சாதம் ஏற ஏற, எண்ணெயும் நார்ச்சத்தும் இறங்க வேண்டும். இரண்டு நாளைக்குக் கீரை, சுண்டல், முளைகட்டிய பயறு, கைக்குத்தல் அரிசி, சிறுதானியம் எதுவும் வேண்டாம். மற்ற நாளில் உடம்புக்கு நல்லதான இவையெல்லாம் ஓட்டத்தின் நடுவே கழிப்பறை தேட வைக்கும். பருப்பு நிறைந்த சாம்பாரைவிட ரசம் மேல். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாயசத்தைத் தவிர்க்கட்டும். பிரியாணியும் கார்ப்தானே என்று வருடாவருடம் ஒருவர் கேட்பார். கார்ப்தான், கூடவே நெய்யும் மசாலாவும் இறைச்சியும் சேர்ந்து ஓட்டத்தின் நடுவேயும் வயிற்றில் கிடக்கும். மார்கழி சீசனின் கடைசிக் கச்சேரிகள் அந்த நாட்களில் நடந்துகொண்டிருந்தால் கச்சேரிக்குப் போகலாம், சபா கேன்டீன் பக்கம் மட்டும் போகாமல் இருப்பது உத்தமம்.

சனிக்கிழமை எடை பார்த்தால் ஒன்று, ஒன்றரை கிலோ கூடியிருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரோடுதான் தசையில் சேர்கிறது. கூடியது அதுதான், கொழுப்பு அல்ல. தொடை கனமாக, உப்பினாற்போலத் தோன்றுவதும் அதனால்தான். எடை கூடவில்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் பயம் வேறு திசையில் இழுக்கும். சென்னை ஈரப்பதத்தில் மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் வியர்ப்பவர்கள் நிறையப் பேர். அதனால் சனிக்கிழமை முழுக்க பாட்டிலும் கையுமாக இருப்பார்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், தண்ணீர் போலத் தெளிவாகப் போனால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். ரத்தத்தில் சோடியம் குறைவது நீர் வற்றுவதைவிட ஆபத்தானது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே அதில் முக்கியக் காரணம். மோர், உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், ஊறுகாய் தொட்ட தயிர்சாதம் எல்லாம் இந்த இரண்டு நாளுக்குப் பொருத்தமானவை. ஓஆர்எஸ் உப்புக்கு உதவும், சக்திக்கு உதவாது: உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. ஜெல்லுக்குப் பதில் ஓஆர்எஸ் என்று கணக்குப் போட்டால் 30வது கிலோமீட்டரில் கணக்கு உதைக்கும்.

பிப், பை, ஊசி

மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப்பை வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை வரிசை நீளம். அடையாள அட்டையும் பதிவு உறுதிச் சீட்டும் கையில் இருக்கட்டும். பிப் கொடுக்கும் எக்ஸ்போவில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம், அங்கே இலவசமாகத் தரும் எதையும் ஞாயிற்றுக்கிழமை வரை வாயில் போட வேண்டாம். தள்ளுபடியில் கிடைக்கும் சாக்ஸ், கார்பன் தகடு வைத்த ஷூ இரண்டையும் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கார்பன் ஷூ கெண்டைக்காலில் சுமையை மாற்றிப் போடும், பழகாத காலுக்கு அது 25 கிலோமீட்டருக்கு மேல்தான் தெரியவரும். போட்டிக்கான ஷூ ஏற்கெனவே 50, 60 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும், அதில் ஒன்று லாங் ரன்னாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பிப்பின் பின்பக்கம் ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் மூன்றையும் அழியாத மார்க்கரில் எழுதுங்கள். ஜெல் பேனா மை வியர்வையில் ஓடிவிடும். நேரம் பதியும் சிப் பெரும்பாலும் பிப்பின் பின்னால்தான் ஒட்டியிருக்கும், அதனால் பிப்பை மடிக்கவோ, பெல்ட்டாலோ ஜாக்கெட்டாலோ மூடவோ கூடாது. நான்கு மூலையிலும் ஊசி குத்தி, டிஷர்ட்டைப் போட்டு, கையைத் தூக்கிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். தரையில் விரித்துக் குத்தினால் உடம்பில் போட்டதும் இழுக்கும்.

உராய்வு உள்ள இடங்கள் ஆளுக்கு ஆள் மாறும்: அக்குள், உள்தொடை, கால்விரல் இடுக்கு, பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டையும் கொக்கியும். அங்கெல்லாம் வாஸ்லின் தாராளமாகத் தடவ வேண்டும். ஆண்கள் முலைக்காம்பில் மைக்ரோபோர் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும், வாஸ்லின் வியர்வையில் வழிந்துவிடும். டேப்பை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் வாஸ்லினைத் தொடுங்கள், எண்ணெய்ப் பசை பட்ட தோலில் டேப் நிற்காது. பருத்திச் சாக்ஸ் கொப்புளத்தைக் கொண்டுவரும். நகத்தை வியாழக்கிழமையே வெட்டிவிடுங்கள். கடைசி நாள் வெட்டி ஓரத்தில் சதை கிழிந்தால் ஆற நேரம் இருக்காது.

மாத்திரைகளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "முன்னெச்சரிக்கையாக" இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஓடுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. உடலில் நீர் குறைந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைந்திருக்கும் நேரத்தில் இந்த மருந்துகள் அதை இன்னும் குறைக்கும். வேண்டவே வேண்டாம். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் இந்த வாரம் முதல்முறையாகச் சோதிக்கக் கூடாது. அது பல வாரம் முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

பாதை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும் என்றாலும், சமீப ஆண்டுகளில் முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முடிந்திருக்கிறது. தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு என்பதால் பையை ஒப்படைக்கும் கவுன்டரில், பைகளை ஏற்றிப்போகும் வண்டி கிளம்பும் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பையில் மாற்று டிஷர்ட், துண்டு, செருப்பு, கொஞ்சம் ரொக்கம், போன் சார்ஜர் இருக்கட்டும். செருப்பை மறப்பவர்கள்தான் அதிகம், வீங்கிய காலை மறுபடி ஷூவுக்குள் நுழைப்பது கொடுமை. திரும்பி வர யார் கூட்டிப்போவது என்பதையும் சனிக்கிழமையே பேசிவிடுங்கள், சாலை அடைப்பால் கார் அருகே வர முடியாது. போகும்போது மெட்ரோவில் வருவதாக இருந்தால் பக்கத்து நிலையம் அரசினர் தோட்டம். விடிகாலை ரயில் உண்டா என்று அந்த வருட அறிவிப்பைப் பார்த்த பிறகே அதை நம்பலாம்.

கடைசி ராத்திரி

விடிகாலை 4 மணித் தொடக்கம் என்றால் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு 6:30க்குள் முடிய வேண்டும். எட்டு மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது. வராவிட்டால் போகட்டும். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் மாரத்தான் கெட்டுவிடாது. வியாழன், வெள்ளி இரவுகளில் எட்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அதுதான் ஞாயிற்றுக்கிழமைக்கான தூக்கம். விளக்கை அணைத்துக் கண்ணை மூடிப் படுத்திருங்கள், வானிலை ஆப்பைப் பத்தாவது முறையாகத் திறக்காதீர்கள். பழக்கமில்லாத தூக்க மாத்திரை காலையில் தலையைச் சுற்றவைக்கும். அலாரம் இரண்டு வேண்டும், ஒன்று கை எட்டாத இடத்தில்.

எழ வேண்டியது 1:30க்கு. உடனே சாப்பாடு: ஜாம் பிரெட் நான்கு துண்டு, ஒரு வாழைப்பழம், சுமார் 85 கிராம் மாவுச்சத்து. படபடப்பில் தொண்டையில் இறங்கவில்லையென்றால் சர்க்கரைத் தண்ணீராகவோ பானமாகவோ குடித்துவிடலாம், வெறும் வயிற்றோடு மட்டும் போகக்கூடாது. தினமும் காபி குடிப்பவர்கள் இன்றும் குடிக்கலாம், வயிற்றைச் சுத்தம் செய்ய அதைப் போல வேறொன்றில்லை. 400, 500 மில்லி தண்ணீரை இரண்டு மணிக்குள் குடித்து முடித்துவிட்டு, 3:15க்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு 150 மில்லி போதும். தொடக்க இடத்தில் கழிப்பறை வரிசை பெரிதாக இருக்கும். வந்ததும் ஒருமுறை போய்விட்டு வெளியே வந்த கையோடு மறுபடி வரிசையில் நின்றுவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம், பதற்றத்தில் இரண்டாம் முறை எப்படியும் தேவைப்படும்.

ஷூ நாடாவை மேல் துளை வரை கோத்துக் குதிகால் நழுவாமல் பூட்டி, இரட்டை முடிச்சுப் போடுங்கள். ரொம்ப இறுக்க வேண்டாம், மூன்று மணி நேரத்தில் பாதம் வீங்கும்.

வாட்ச் சொல்லும் பொய்

இலக்கு நேரத்தைக் கடைசி வாரத்தில் குறைக்காதீர்கள், கூட்டவும் கூச்சப்படாதீர்கள். ஒன்றுக்கு மூன்று இலக்கு வைத்துக்கொள்வது நல்லது: எல்லாம் கைகூடினால், ஓரளவு கைகூடினால், எதுவுமே கைகூடாவிட்டால். சென்னையில் ஜனவரியில் சூரியன் 6:30 வாக்கில் உதிக்கிறது. நான்கு மணி நேரத்தில் முடிப்பவர் அப்போது 26 கிலோமீட்டரில் இருப்பார், மீதி 16ம் வெளிச்சத்திலும் வெயிலிலும். அதனால் தொப்பி இருட்டிலேயே தலையில் ஏறியிருக்க வேண்டும். ராத்திரி புழுக்கமாக இருந்து, காற்றே இல்லையென்றால் தொடக்கத்திலிருந்தே கிலோமீட்டருக்குப் பத்து விநாடி விட்டுக்கொடுத்துவிடலாம்.

நான்கு மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 5:41, அதாவது 5 நிமிடம் 41 விநாடி. ஆனால் வாட்சில் 5:41 காட்டினால் நான்கு மணி நேரத்துக்குள் முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பாதையை அளப்பவர்கள் சைக்கிளில், வளைவுகளின் உள்ஓரத்தை ஒட்டி, முடிந்தவரை குறுகிய வழியில் அளக்கிறார்கள். பாதை குறைந்துபோய்விடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைக்கிறார்கள். நாமோ வளைவில் வெளியே ஒதுங்குகிறோம், தண்ணீர் மேஜைக்குக் குறுக்கே போகிறோம். கட்டடங்களுக்கும் மேம்பாலங்களுக்கும் நடுவே ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் அலையும். கடைசியில் வாட்ச் 42.5, 42.6 காட்டும். நான்கு மணி நேரத்தை 42.6 கிலோமீட்டரால் வகுத்தால் 5:38. அந்த மூன்று விநாடியைக் கணக்கில் வைக்காதவர்கள்தான் இறுதிக் கோட்டை 4:02ல் தாண்டிவிட்டு வாட்சைக் காட்டி வாதாடுவார்கள். வாட்ச் ஒவ்வொரு கிலோமீட்டரின் நேரத்தையும் (லேப்) தானாகப் பதிவதை அணைத்துவிட்டு, பாதையோரப் பலகை வரும்போது கையால் பொத்தானை அமுக்குவது இன்னும் நம்பகமான வழி.

ஜெல் 25 கிராம் மாவுச்சத்து உள்ளதாக இருந்தால் அரைமணிக்கு ஒன்று, நான்கு மணி நேரத்துக்கு ஏழு. பெல்ட்டில் ஐந்து, கால்சட்டைப் பையில் இரண்டு. ஜெல்லை வெறும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும், இனிப்புப் பானத்தோடு சேர்த்தால் வயிற்றைப் பிசையும்.

நேப்பியர் பாலத்து விளக்கு, பாட்டு, கூட்டம் எல்லாம் சேர்ந்து முதல் கிலோமீட்டரில் 5:10 ஓடவைக்கும், அப்போதும் அது நடப்பது போலவே தோன்றும். குறிப்பிட்ட நேரத்தில் முடிக்கச் சீராக ஓடி வழிகாட்டும் பேஸரோடு போவதானால்கூட, முதலில் நெரிசலில் இடித்துக்கொண்டு அவரைத் துரத்த வேண்டாம், ஆறேழு கிலோமீட்டரில் மெதுவாகப் பிடித்தால் போதும். முதல் ஐந்து கிலோமீட்டருக்கு 5:50ஐத் தாண்டிய வேகம் வேண்டாம். அந்தக் கணக்கில் ஐந்தாவது கிலோமீட்டர் பலகைக்கு வரும்போது 29 நிமிடம் சொச்சம் ஆகியிருக்கும். பசி எடுக்காவிட்டாலும் முதல் ஜெல்லைப் பிரித்துவிடுங்கள்.